அம்மாவின் தலைவலியும் நான் போடாத கையெழுத்தும்

ஆஸ்பத்திரி வராந்தா,
பாளையங்கோட்டை,
நவம்பர் 12.

அன்பு மகள் கெசியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜாபேஸும் அந்தக் குளிர் தேசத்தில் நல்ல சுகத்தோடு இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுதித்தான் பழக்கம், இந்த முறை கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. தினமும் போனில் பேசிக்கொண்டே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அழ ஆரம்பித்ததும் சொல்ல வந்ததை நான் விழுங்கிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் பேட்டையில் ஒரு பட்டறை ஆபீசில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கியவன், எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்திருக்க மாட்டேன். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் பேச்சுக்கு வருகிறேன். நர்ஸாக இருந்துகொண்டு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று நானே சொன்னேனே என்று ஒவ்வொரு தடவையும் அழுகிறாய். முதல் தடவை எடுத்த முதுகு நீரில் இந்தப் பூஞ்சை எப்படித் தெரியாமல் போனது, அந்த லேப்காரர்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா பார்த்தார்கள் என்று திட்டுகிறாய், புகார் எழுதப்போவதாகவும் சொன்னாய். எழுதாதே அம்மா. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் தடவை நீர் எடுக்கவே இல்லை. எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னது பொய். எடுக்க விடாதவன் நான்தான்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். செப்டம்பர் கடைசியிலேயே அம்மாவுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. கண்ணாடி மாற்றினோம், சளி கட்டியிருக்கிறது என்று ஆவி பிடித்தாள், தைலம் தேய்த்தே நெற்றி புண்ணாகிவிட்டது. கோயில் அசன விருந்தன்று பந்தியில் உட்கார்ந்தவள் ஒரு வாய் சோறு வைப்பதற்குள் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். அதன் பிறகுதான் இங்கே சேர்த்தோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மந்திரமூர்த்தி டாக்டர் வந்து கழுத்தை மடக்கிப் பார்த்தார், மூட்டு வாதத்துக்கு இரண்டு வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. எச்.ஐ.வி. சோதனை உட்பட ஒரு முழுப் பக்கம் எழுதினார். ஓய்வுபெற்ற டீச்சர் அம்மாவுக்கு இந்த வயதில் இது எதற்கு என்று எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது, அம்மா அந்தத் தலைவலியிலும் சிரித்தாள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், ஸ்கேன்ல தெரியாதது தண்ணியிலதான் தெரியும், பயப்படாதீய அண்ணாச்சி என்று டாக்டர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் பட்டறையில் சிவசைலம் என்று ஒருவர் இருந்தாரே, உனக்குக்கூட ஒரு தடவை சைக்கிள் சரிசெய்து கொடுத்தார். அவருக்கு முதுகில் நீர் எடுத்த பிறகுதான் இரண்டு காலும் போனது என்று பட்டறை முழுக்கப் பேச்சு. முதுகுல கைய வச்சான், காலு போயிட்டு என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆளைப் படுக்கையில் பார்த்த எனக்கு அம்மாவை ஊசிக்கு முன்னால் குனிய வைக்க மனசு வரவில்லை. தச்சநல்லூர் வீட்டுக்கு வந்து வாக்குத்தத்தப் பெட்டியைத் திறந்தேன். அம்மா தினமும் காலையில் ஜெபித்துவிட்டு அதிலிருந்து ஒரு வேத வசன அட்டை எடுத்து வாசிப்பாளே, அதுதான். எடுத்தேன், பயப்பட வேண்டாம் என்று வந்தது. உன்னிடம் என்ன மறைப்பு, சரியாக ஜெபிக்காமல் எடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லி அதை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். பொறுத்திருக்கச் சொல்லி வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் பேசினார் என்று அம்மாவிடமும் சொன்னேன், அவளும் சரி என்றாள். இரண்டாவதும் பயப்படாதே என்று வந்திருந்தால் மூன்றாவது எடுத்திருப்பேன் கெசியா. அட்டையின் பேரில் பழி போட எனக்கு வாய் இல்லை.

டாக்டர் இரண்டு நாள் கெஞ்சினார், பிறகு கொஞ்சம் சத்தமும் போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி நீ போனில் நீர் எடுத்தாச்சா அப்பா என்று கேட்டாய். இல்லை என்றால் நீ என்னை விடமாட்டாய் என்று தெரியும். எடுத்தாச்சு, ஒன்றும் இல்லையாம் என்றேன். ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்றாய், நெட் கிடைக்கவில்லை என்றேன். அப்படியென்றால் ஒற்றைத் தலைவலியாகத்தான் இருக்கும், வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நீ சொன்னாய். கையில் பொய்யைக் கொடுத்தால் எந்த நர்ஸும் அதைத்தான் சொல்வாள். நான் அதையே பிடித்துக்கொண்டு எங்கள் விருப்பத்தின் பேரில் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். ஊசிக்குப் போடாத கையெழுத்தை அதற்குப் போட்டேன்.

வீட்டில் ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் அடுப்படிக்குப் போகிறேன் என்று சுவரில் போய் முட்டினாள், என்னைப் பார்த்து யாரு என்று கேட்டாள், அப்படியே வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குமரகுருபரன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கே நீர் எடுத்தார்கள். ஊசி உள்ளே போனதும் நீர் பீச்சிக்கொண்டு வந்ததாம், தலைக்குள் அவ்வளவு அழுத்தம். லேபில் இருக்கும் ஷம்ஸியா என்ற பெண் ஒரு சொட்டு நீரில் ஒரு சொட்டுக் கறுப்பு மை கலந்து கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்து டாக்டரைக் கூப்பிட்டாள். கால் மணி நேர வேலை. மறுநாள் நான் கேட்டுக்கொண்டதற்கு எனக்கும் காட்டினாள். கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வட்டம், சர்பத்தில் ஊறின சப்ஜா விதை மாதிரி ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வழுவழுப்பு. இந்தப் பூஞ்சை மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்குமாம், எல்லாருடைய மூச்சிலும் போகுமாம், மற்றவர்கள் உடம்பு விரட்டிவிடும், அந்த மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் மெல்ல மூளை உறை வரைக்கும் ஏறிவிடுமாம். இந்தப் பெண்ணைத்தான் நீ திட்டிக்கொண்டிருக்கிறாய். சிவசைலத்தைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். கால் போகப்போகிற நோய் வந்ததால்தான் அவருக்கு ஊசி போட்டிருப்பார்கள் அண்ணாச்சி, ஊசியால் கால் போகாது என்றார்.

இப்போது பதினைந்து நாளாக மருந்து ஏறுகிறது. ஏறும்போது குளிரில் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்குகிறாள், கிட்னிக்காகத் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். அழுத்தம் குறைய முதுகு நீரையும் அடிக்கடி எடுக்கிறார்கள், எடுத்த அன்றைக்குத்தான் தலைவலி விட்டுத் தூங்குகிறாள். கால் இரண்டும் நன்றாக இருக்கிறது. நேற்று என்னிடம் இன்னைக்குத் தண்ணி எடுக்க வருவாவளா, நல்ல சொகமா இருக்கு, மொதல்லயே எடுத்திருக்கலாம்லா என்றாள். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். உயிருக்கு இனிமேல் பயமில்லை என்கிறார் டாக்டர். ஆனால் கண் போய்விட்டது கெசியா. அழுத்தத்தில் பார்வை நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்கிறார்கள். முன்னாலேயே எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷன், இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டார்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. உன்னை நீ குற்றம் சொல்லிக்கொள்வதை மட்டும் விட்டுவிடு. மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, கண்ட மாத்திரையையும் வாங்கிப் போட வேண்டாம் என்று சொல். மழை விடாமல் பெய்கிறது, ஆற்றில் செந்தண்ணீர் போகிறது, வீட்டுக்குள் ஒழுகவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதே. லீவு கிடைத்தபோது வந்தால் போதும். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஒரு காரியம் மறக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது அம்மா ஏட்டி மெலிஞ்சிட்டியே என்றாள், பச்சை ஸ்வெட்டர் எடுப்பா இருக்கு என்றாள், ஜாபேஸுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று சிரித்தாள். அதெல்லாம் நான் அவள் காதில் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை அங்கன ஒத்தையில கெடந்து அழும், சொல்லாதீய என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே உனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். இனிமேல் கூப்பிட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருக்காதே, எடுத்தவுடன் பேசு, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இரு. நீ பேசுவது நின்றால் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
இஸ்ரவேல்