முப்பத்து மூன்றாவது சிலிண்டர்

ஜனவரி 19

காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி விட்டேன். மத்தியானம் இவரோடு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் விசாவுக்கான தாள்களைக் கொடுத்தாயிற்று. இருபத்தேழு தாள். ஒவ்வொன்றையும் நானே எண்ணி அடுக்கியிருந்தேன்.

"எதற்காகப் போகிறீர்கள்?" என்ற கட்டத்துக்கு வந்ததும் டிராவல்ஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் "சுத்திப் பார்க்க" என்றேன். இவர் பக்கத்தில் இருமினார்.

பொய்தான். வெளிநாட்டில் இருக்கிற என் தங்கை சின்னவளுக்கு மே 25-ஐ ஒட்டிப் பிரசவம். அதற்குத்தான் போகிறேன். ஆனால் குழந்தை அழுகிற சத்தம் காதில் விழும்வரை வெளியாள் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று நானும் அவளும் சாமி பேரால் சத்தியம் செய்துகொண்டோம். போன தடவை ஐந்தாம் மாதம் ஊரெல்லாம் சொல்லி எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் எல்லாம் போயிற்று. அதற்கு முந்தின தடவையும் அப்படியே.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்றேன்.

"மூணு வாரம்மா. மிஞ்சிப்போனா நாலு."

ஜனவரி 27

கைரேகை எடுக்கப் போனோம். வலது கட்டைவிரலை மெஷின் ஏற்கவே இல்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஆறாவது தடவைதான் விழுந்தது.

வெளியே வந்ததும் இவர், "இருபத்தெட்டு வருஷம் பாத்திரம் தேய்ச்சு ரேகையைக் கரைச்சிட்டே. இனி நீ திருடினாலும் மாட்டமாட்டே" என்றார். சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 9

25.

சின்னவளுக்கு இது எத்தனையாவது வாரம் என்பதை வீட்டுக் கணக்கு நோட்டில் 'சிலிண்டர்' என்ற தலைப்பின் கீழ் எழுதுகிறேன். வாரத்துக்கு ஒன்று கூட்டி. கேஸ் கணக்கென்று நினைத்துக்கொள்ளட்டும். மாடியில் இருக்கிற நாத்தனார் உப்பு வாங்க வந்தால்கூட நோட்டைப் புரட்டாமல் போகமாட்டாள். இன்றைக்கும் புரட்டினாள்.

"என்ன அண்ணி, இருபத்தஞ்சு சிலிண்டரா? ஓட்டல் கீட்டல் நடத்துறீங்களா?"

"பழைய பாக்கி" என்றேன். என்ன பாக்கி, யாருக்குப் பாக்கி, எனக்கே தெரியாது. கணக்கு நோட்டில் நான் எழுதிய முதல் பொய் இது. சாமி மன்னிக்கணும்.

பிப்ரவரி 24

நாலு வாரம் முடிந்து ஒரு வாரமும் ஆயிற்று. இவர் காலையில் காபியோடு போனைத் திறந்து பார்க்கிறார். 'பரிசீலனையில் உள்ளது.' அதே இரண்டு வார்த்தை.

டிராவல்ஸ்காரரைக் கேட்டால், "மிஞ்சிப்போனா இன்னும் பத்து நாள்மா." இவர் அவருக்கு மிஞ்சிப்போனார் என்றே பேர் வைத்துவிட்டார்.

மார்ச் 2

28. குட்டிச் சட்டை எட்டும் தைத்து முடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தைக்க வேண்டியிருக்கிறது. பழைய வேட்டித் துணி, உள்தையல் குத்தாமல் வெளிப்பக்கம் மடித்து. துடைக்கிற துணி பன்னிரண்டு.

மார்ச் 11

பரிசீலனையில் உள்ளது.

மார்ச் 17

சின்னவளுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. எழுந்து நடமாடக்கூடாதாம். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். ஷிப்ட் நேரமெல்லாம் அவள் தனியாக, சன்னலைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, எப்ப வர்றே?"

"இந்தா வந்துடுவேன்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்?

அம்மா போனபோது அவளுக்கு மூன்று வயது, எனக்குப் பதின்மூன்று. எட்டாவதோடு நின்றேன். பிறகு அவள் புத்தகங்களை அவள் தூங்கும்போது படித்துத்தான் நான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். ஜுரம் வந்தால் அவள் என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது முப்பத்தொன்பது வயதில் எதைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாளோ.

ஏப்ரல் 2

வந்தது பதில். விசா இல்லை, கேள்வி.

மிஞ்சிப்போனார் படித்துச் சொன்னார்: 'விண்ணப்பத்தில் சுற்றிப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அழைத்தவரின் கடிதத்தில் மனைவியின் பிரசவத்துக்கு உதவ வருவதாக இருக்கிறது. எது உண்மை? பத்து நாளுக்குள் விளக்கம் தரவும்.'

மாப்பிள்ளை அங்கிருந்தே நேராக அனுப்பிய கடிதத்தில் உள்ளதை எழுதியிருக்கிறார்! எங்கள் சத்தியம் வெளியாளுக்குத்தான், விசா ஆபீசுக்கு இல்லை என்று நினைத்தாராம். அவர்மேல் என்ன தப்பு? நான்தான் ஆபீசையும் கண்ணு போடுகிற ஆளாக நினைத்துவிட்டேன்.

"ஏம்மா, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? பிரசவம்னா அவங்க சீக்கிரமே பார்ப்பாங்களே" என்று மிஞ்சிப்போனார் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவரே, "டைப்பிங் தப்புன்னு போட்டுடலாம்" என்றார்.

பத்து வாரம் என் வாயாலேயே போச்சு.

ஏப்ரல் 4

நேற்று முழுக்க யோசித்தேன். இன்று காலை சாமி முன்னால் உட்கார்ந்து சொன்னேன் - ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் எழுத மாட்டேன். உனக்குக் கொடுத்த வார்த்தையை உடைக்கிறேன். தண்டிக்கணும்னா என்னைத் தண்டி.

எழுதினேன். நான்கு தடவை அடித்து எழுதி, கடைசியில் இவ்வளவுதான் நின்றது: 'ஐயா, என் தங்கைக்கு இரண்டு தடவை குழந்தை தங்கவில்லை. வெளியே சொன்னால் இதுவும் தங்காதோ என்று பயந்து மறைத்தேன். ஏமாற்ற நினைக்கவில்லை. அவளுக்குத் தாய் இல்லை. நான்தான் இருக்கிறேன். வேலை முடிந்ததும் திரும்பிவிடுவேன். என் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது.'

கடைசி வரி வேண்டாம் என்றார் இவர். அதுதான் மறுக்க முடியாத சாட்சி என்று அப்படியே வைத்தேன். மிஞ்சிப்போனார் மொழிபெயர்க்க வாங்கிக்கொண்டார். படித்துவிட்டு வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

33. பரிசீலனையில் உள்ளது.

ஏப்ரல் 12

பிரஷர் கூடி, அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் முன்னால். பெண். ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள்.

அழுகையைக் கேட்கணும் என்றேன். மாப்பிள்ளை போனைப் பெட்டிப் பக்கம் பிடித்தார். எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி மெல்லிசா ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஏப்ரல் 13

சொன்னதாலயா? ஒன்பது நாள்தானே ஆச்சு நான் எழுதிக் கொடுத்து. என்னைத் தண்டின்னு தானே சொன்னேன், அந்தப் பிஞ்சை ஏன்... வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே நான். போகாமலே இருந்திருக்கலாமே. அவ வயித்துல இன்னும் ஆறு வாரம் இருந்திருக்குமே.

கணக்கு நோட்டைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 19

சின்னவள் இன்றுதான் பேசினாள். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, பிரஷர் போன மாசமே ஏறிடுச்சு. நீ இந்த மாசம் எழுதின கடுதாசிக்கு அது முன்கூட்டியே ஏறுமா? கணக்குல புலின்னு பேரு, இது தெரியல உனக்கு."

கணக்கு சரிதான். மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் குழந்தையின் எடையை மட்டும் கேட்டு இந்த டைரியில் எழுதுகிறேன். இன்று 1840.

ஏப்ரல் 30

2110. பரிசீலனையில் உள்ளது.

மே 9

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2380. மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட். சின்னவள் தையல் இழுக்கிற வயிற்றோடு தானே பால் கொடுத்து, தானே துணி அலசி... போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் வைத்துக்கொண்டு பேசுகிறாள். நான் இங்கே இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கை இரண்டும் பாரமாக இருக்கிறது.

மே 19

கிடைத்துவிட்டது. மூன்று மாதம். மிஞ்சிப்போனார் பாஸ்போர்ட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க சுடுதண்ணி வரிதான்மா" என்றார். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

பதினேழு வாரம் ஒரு நாள்.

மே 21

நாளை மறுநாள் விமானம். பெட்டி கட்டினேன். குட்டிச் சட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பெரிய அளவு கேட்கலாம் என்று போன் போட்டேன். பிறந்து ஆறு வாரம் ஆகப்போகிறதே.

"எதையும் வெளியே எடுத்து வைக்காதே அக்கா. உன் சட்டை இன்னும் அவளுக்குத் தொளதொளன்னுதான் இருக்கும்" என்றாள். இன்று 2700.

தாமதமாகத்தான் போகிறேன். சட்டைக்கு மட்டும் தாமதம் இல்லை.

திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வந்து நின்றாள். பெட்டி திறந்து கிடந்தது. மூடப் போன கையை எடுத்துவிட்டேன்.

"எங்க அண்ணி, சுத்திப் பார்க்கவா?"

"இல்ல. தங்கச்சிக்குப் பொண்ணு பிறந்திருக்கு. பார்த்துக்கப் போறேன்."

சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "வாரம் தவறாம ஒண்ணு கூடுற சிலிண்டர் எந்த வீட்டுல அண்ணி இருக்கு? இருபத்தஞ்சுலயே தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்." குட்டிச் சட்டை ஒன்றை எடுத்து மடித்தாள். "முப்பத்திமூணுல நின்னுச்சு பாருங்க. அதுக்கப்புறம் நீங்க எழுதவே இல்ல. தினம் உப்புக்கும் சர்க்கரைக்கும் வந்து வந்து புரட்டுவேன். முப்பத்திமூணுலயே நிக்கும். கேட்கவும் பயம். எனக்குச் சோறு இறங்கல."

போன மாதம் முழுக்க அவள் கொண்டுபோன உப்பை நினைத்தேன். அவள் கண்ணுக்குப் பயந்துதானே இத்தனையும் செய்தேன்.

மாடிக்குப் போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள்.

கணக்கு நோட்டில் 'சிலிண்டர்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'குழந்தை' என்று எழுதினேன். பெட்டியில்: சட்டை எட்டு. துணி பன்னிரண்டு. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, மஞ்சள், நாத்தனார் பின்னியது - இருபத்தைந்தில் தொடங்கி முப்பத்து மூன்றில் நிறுத்தி, இன்று என் கட்டிலில் உட்கார்ந்து முடித்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது ஊசி இன்னும் ஒன்றில் குத்தியபடியே இருந்தது.