பசுவுக்கு எந்தக் காயில்?

21 பிப்ரவரி 1960, ஞாயிறு
எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வேணி வழக்கம்போல என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, மணியம்மா வந்திருப்பதாகச் சொன்னாள். பர்மா சண்டையில் இடக்காது போனது வேணிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வலக்காதும் மங்குகிறது. இது சத்தியவேட்டில் தெரிந்தால் ரேடியோ ரிப்பேருக்கு யார் என்னிடம் வருவார்கள்?

மணியம்மாவின் செவலைப் பசு தீனி எடுப்பதில்லையாம். முதுகைக் கூனிக்கொண்டு முனகுகிறதாம். தீனியோடு இரும்பு எதையோ விழுங்கியிருக்கும் என்கிறார் மாட்டு டாக்டர் ஏகாம்பரம். “இருக்குன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்” என்றாராம்.

“அண்ணே, உங்க கிட்ட பாம் தேடற மிஷின் கீதாமே?” என்றாள் மணியம்மா. மெட்ராஸில் பட்டாளத்துக் கழிவுச் சாமான்களோடு வாங்கிப்போட்டது. புதைத்த குண்டைத் தேடுவது, இரும்பு பக்கத்தில் இருந்தால் ஹெட்போனில் சத்தம் வரும். இருக்கிறது.

23 பிப்ரவரி
கொட்டகையில் மிஷின் ஒரே அலறல் — கூரைத் தகரம், சங்கிலி, டாக்டரின் பை. பசுவைக் களத்துக்கு ஓட்டிவந்து வைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

காயில்தான், இரும்பை உணர்கிற அந்தக் கம்பிச் சுருள்தான் காரணம். இதனுடையது முறம் அளவு. மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்த பெரிய குண்டைத் தேடச் செய்தது. சின்ன ஆணியெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. கூடவே வந்த உள்ளங்கை அளவு காயில் ஆணியைக் கண்டுபிடிக்கும், ஆனால் நாலு விரற்கடைக்கு மேல் எட்டாது. பசுவின் வயிறு அதற்கும் உள்ளே.

பெரியதும் ஆகாது, சிறியதும் ஆகாது. அப்படியானால்?

24 பிப்ரவரி
டாக்டர் கடைக்கு வந்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் நம் ஊர் ஆந்திராவோடு சேர்கிறது. அவர் மெட்ராஸ் சர்க்கார் ஆள், மார்ச் நடுவிலேயே கிளம்பிவிடுவார். “புதுசா வர்றவர் எப்ப வருவாரோ தெரியாது. அதுவரைக்கும் மாடு தாங்காது, ஆதிநாராயணன்.”

மணியம்மா வாசலிலேயே நின்றாள். “இத்தினி வருசமா கூலிக்கு ஊரார் மாட்டைத்தான் மேச்சேன். என் மாடுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதாண்ணே” என்றாள்.

26 பிப்ரவரி
செப்புக் கம்பி வாங்க ரேணிகுண்டா போனேன். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரர் பாலையா, “ஏ மோட்டாருக்கு?” என்று தெலுங்கில் கேட்டார், எந்த மோட்டாருக்கு என்று. பசுவுக்கு என்றேன். அவர் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. கம்பியை மட்டும் குறை வைக்காமல் கொடுத்தார்.

28 பிப்ரவரி
வேணியின் பழைய சல்லடை. வலையைப் பிய்த்துவிட்டு மரவளையத்தில் கம்பி சுற்றினேன். சாப்பாட்டுத் தட்டு அளவு. அவள் சுற்றுகளை எண்ணினாள். நடுவில் சிரிக்கவைத்தேன், எண்ணிக்கை போயிற்று, தலையில் குட்டு வைத்தாள்.

பசுவின் வயிறு என்று வைத்துக்கொண்டு, ஈரத் தவிட்டு மூட்டைக்கு அடியில் அவளுடைய கொண்டை ஊசியை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் கழற்றிச் சுற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டாக ஹெட்போனை மாட்டிக்கொண்டவள், “கேக்குதே” என்றாள். “கொசு கத்தற மாரி. இப்ப கேக்குது. இப்ப இல்ல.”

காயிலில் குறை இல்லை.

“பசு கிட்ட நானே வந்து ஹெட்போன்ல கேக்கறேன்” என்றாள். “ஊர் முன்னாடியா? என்னை என்னான்னு நெனச்சே? செவிடன்னு தமுக்கடிச்சுடு, போ!” என்று கத்திவிட்டேன்.

1 மார்ச்
பேசிக்கொள்ளவில்லை. சோறு மட்டும் வந்தது.

2 மார்ச்
பசுவைப் பார்க்கப் போனேன். மணியம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு கவளம் துன்னச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, “நாளைக்கு நீயும் வா வேணி” என்றேன். “எந்தப் பொடவ கட்டிக்கறது?” என்றாள்.

3 மார்ச்
சொல்லிவிட்டேன். டாக்டரிடம், களத்தில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னால். “எனக்குக் காது சரியாக் கேக்காது. இவங்கதான் கேப்பாங்க.” யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் வேணியைப் பார்த்து, “அறுக்கறது என் கை. காது உங்களுது. தப்பாச்சுன்னா மாடு போயிடும்மா” என்றார்.

“தெரியுங்க” என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நான் காயிலைப் பசுவின் விலாவில் மெல்ல நகர்த்தினேன். அவள் என் தோளில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இடது முன்னங்காலுக்குப் பின்னே, நெஞ்சுக்குக் கீழே வந்தபோது தோளை அழுத்தினாள். விலக்கினேன், கை தளர்ந்தது. திரும்ப வைத்தேன், அழுத்தினாள். எத்தனை முறை வைத்தாலும் அதே இடம்.

டாக்டர் மஞ்சளால் அங்கே பொட்டு வைத்தார்.

4 மார்ச்
மரத்துப்போக ஊசி போட்டு, பசுவை நிற்கவைத்தே இடது விலாவுக்குப் பின்னால் அறுத்தார் டாக்டர். பொட்டு வைத்த இடத்தை நோக்கித் தோள் வரைக்கும் கை உள்ளே போனது. துழாவிக்கொண்டே இருந்தார். வேணி அந்த மஞ்சள் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பாக இருந்தால் இவள் எப்படித் தாங்குவாள்? நான்தானே கூட்டிவந்தேன்?

“ஆங்” என்றார் டாக்டர்.

விரல் நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த கம்பி. வைக்கோல் கட்டிய கம்பியாக இருக்கும். மணியம்மா வேணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேணியும் அழுதாள். நான் காயிலைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

13 மார்ச்
பசு அசை போடுகிறது. தையல் காய்ந்துவிட்டது. டாக்டர் ஏகாம்பரம் இன்று ஊரை விட்டுப் போனார். உள்ளூர்க்காரன் கோவர்த்தனன் தன் ரேடியோவைக் கொண்டுவந்து, என் வலக்காதில் வாயை வைத்து, “கொர்ர்ருன்னு எரையுது!” என்று கத்தினான். ரேடியோவை என்னிடம்தான் விட்டுப் போனான்.

17 ஏப்ரல்
ஆந்திராவாகி இரண்டு வாரம் தாண்டிவிட்டது. புது மாட்டு டாக்டர் சித்தூர்ப் பக்கத்துக்காரர், இன்று கூண்டுவண்டியில் வந்து கடை முன்னால் இறங்கினார். நாகலாபுரத்தில் ஓர் எருமை தீனி எடுப்பதில்லையாம். “மிஷின் பெட்டுகுனி வினேதி மீரேனா?” என்று என்னைக் கேட்டார். மிஷினை மாட்டிக்கொண்டு கேட்பது நான்தானா என்று.

“நான் இல்லீங்க” என்று உள்ளே கையைக் காட்டினேன்.

வேணி உலைச் சோற்றை இறக்கிவைத்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் முன்னால் ஏறினாள். மிஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன்.