வெள்ளிக்கிழமை லாரி அனுப்பாதே

பெரியபட்டினம்
திங்கட்கிழமை

கொழுந்தன் பர்வேசுக்கு மச்சி உம்மு சல்மா எழுதுவது. ஸலாம். ஸலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். சுகமா என்று கேட்க எனக்கு மனசில்லை.

போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய். அதனால்தான் கடிதம். லீவில் வந்த முஹைதீன் நாளைக்கு நீ இருக்கிற தம்மாமுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து. பிழை இருந்தாலும் கடைசி வரை படி.

புருஷன் போனதற்கு நான் வீட்டுக்குள் இருக்கிற இத்தா வியாழக்கிழமையோடு முடிகிறது. மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் அப்துல் ஹமீது லாரியோடு வந்து மெஷினை ஏற்றிக்கொள்வான் என்று என் மகள் சஃபாவின் போனுக்குச் செய்தி போட்டிருக்கிறாய். நாலு மாசம் பத்து நாளையும் என்னைவிடச் சரியாக எண்ணியிருக்கிறாய். உன் காக்கா, என் புருஷன், மவுத்தானபோது லீவு இல்லை என்றாய். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கும் வரவில்லை. இந்த நாள் மட்டும் உனக்குத் தப்பவில்லை.

மெஷினைத் தரமாட்டேன்.

பொம்பளை கையில் கிடந்து துருப்பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். துருப்பிடிக்கவில்லை. ஓடுகிறது. ஓட்டுவது நான்.

உன் காக்கா சவுதியை விட்டு வந்ததும், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் பூ செதுக்குகிற இந்த மெஷினைப் பாகம் பாகமாக வாங்கிப் பின்கட்டில் பூட்டினார். ஊரே சிரித்தது. நீ சிரிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதை ஓட்டுகிற சாப்ட்வேரை நீதான் வாங்கி அனுப்பினாய். உன் ஏசி ரூமில் அது நல்லாத்தான் ஓடும். இங்கே கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் பழைய பேட்டரி தாங்காமல் பெரிய கம்ப்யூட்டர் அணைந்துவிடும். எந்த இடத்தில் விட்டோம் என்று மெஷினுக்குத் தெரியாது. எத்தனை பலகை பாழாய்ப் போனது என்று எனக்குத்தான் தெரியும், அடுப்பெரித்தவள் நான். அதனால்தான் சும்மா கிடைக்கிற வேறொரு சாப்ட்வேரைப் பழைய லேப்டாப்பில் போட்டார். லேப்டாப் அணையாது. எந்த வரியில் நின்றதோ அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

இவ்வளவுதான் விஷயம். இதற்கு நீ போனில், "நான் சொன்னதுக்கு மருவாதி இல்லைல? இனிமே ஒனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது காக்கா"ன்னு கத்தினாய். அடுப்படி வரைக்கும் கேட்டது. பிறகு அவர் மூன்று தடவை கூப்பிட்டார். நீ எடுக்கவில்லை.

இத்தாவில் வெளியே போக முடியாது, வெளி ஆம்பளை யாரும் உள்ளே வர முடியாது. பின்கட்டில் நானும் மெஷினும்தான். சஃபா இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள், நான் பட்டனை அழுத்தினேன். முதல் நாளே தப்பு செய்தேன். கட்டர் ஆழத்தை எண்ணத் தொடங்குகிற சுழியத்தை மரத்துக்கு மேலே வைக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். கட்டர் இறங்கிய வேகத்தில் முறிந்து சுவரில் தெறித்தது. இப்போது மரத்தின் மேல் ஒரு தாளைப் போட்டு, கட்டரை முடி முடியாக இறக்கி, தாள் இழுபடாமல் பிடிக்கிற இடத்தில் சுழியம் வைக்கிறேன்.

உச்சிப்புளி ஆசாரி கூத்தையா கதவுப் பலகையை ஜன்னல் வழியாகக் கொடுப்பார். போன மாசம் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏத்தா சஃபா, பாய் போனப்புறம் யாரை வச்சு வெட்டுறீங்க? இம்புட்டு சுத்தமா இருக்கே"ன்னு கேட்டார். "எங்க உம்மாதான்"ன்னாள் இவள். "ஆத்தீ! அப்ப இன்னும் ரெண்டு கதவு கொண்டாரேன்"ன்னு போனார். எனக்கு யார் சிபாரிசும் வேண்டாம்.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

மெஷினுக்குப் பக்கத்தில் அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். போன வாரம்தான் பிரித்தேன். நீ அனுப்பியதை அவர் தூக்கிப் போடவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை பெரிய கம்ப்யூட்டரைப் போட்டு அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, ‘தம்பி சொன்னது, நின்றுவிட்டது’ என்று எழுதியிருக்கிறார். கடைசியாக எழுதியது அவர் மவுத்தாவதற்கு ஆறு நாள் முன்னால். ‘பேட்டரி மாற்றியதும் தம்பி சொன்னது முழுசாக ஓடியது. அவன் சொன்னதும் சரிதான். சொல்ல வேண்டும்.’

நாலாவது தடவை உன்னைக் கூப்பிட அவருக்குக் கூச்சம். எனக்கு அவரைத் தெரியும்.

நோட்டை அனுப்பமாட்டேன். படமெடுத்தும் அனுப்பமாட்டேன். பார்க்க வேண்டும் என்றால் வா. அப்துல் ஹமீது லாரி வந்தால் வாசலில் நான் நிற்பேன், அவன் வெறும் லாரியைத்தான் ஓட்டிக்கொண்டு போவான். நீ வந்தால், நேரே வீட்டுக்கு வராதே. மையவாடிக்குப் போ. உன் காக்கா அடங்கியிருக்கிற கபுருக்கு முன்னால் நின்று ஸலாம் சொல்லி, பேசியதை மன்னிக்கச் சொல்லிப் பொருத்தம் கேள். அப்புறம் வா, கதவைத் திறக்கிறேன்.

சோறு போடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. வரும் வழியில் அல்லாஹ் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒரு மையித்து பார்த்தாயிற்று, இன்னொன்று தாங்க மாட்டேன்.

சதக்கத்துல்லா பெண்சாதி
உம்மு சல்மா