ஆகஸ்டில் வர வேண்டாம்

அன்பு மகனுக்கு,

இபிசா தீவில் இந்தக் கோடையும் கூட்டம் தாங்கவில்லை. நாம் இருந்த வீட்டையும் வீட்டுக்காரர் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். கூட்டித் துடைக்க என்னையே வைத்துக்கொண்டார். நேற்று உன் அறையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது அங்கே தங்கியிருக்கும் பெண், "வருஷம் பூரா இந்தத் தீவுலயேவா இருக்கீங்க? குடுத்து வச்சவங்கக்கா!" என்றாள். சிரித்துவைத்தேன்.

அப்பா வேனுக்குள் பலகையடித்து மெத்தை போட்டிருக்கிறார். "அவனுக்கு எழுதித் தொலைக்காதடி, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான்" என்கிறார். கடலோரம் நிறுத்தினால் போலீஸ் விரட்டுகிறது.

குளிர்காலத்தில் வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்டேன். "இனிமே பன்னெண்டு மாசமும் சீசன்தாம்மா" என்றார் வீட்டுக்காரர்.

ஆகஸ்டு விடுமுறைக்கு வேறு ஊர் எங்காவது போய் வா, கண்ணு. இங்கே உன்னைப் படுக்கவைக்க என்னிடம் இடமில்லை.

அம்மா