மாறன் வீட்டுக்கு நான் போகவில்லை

12.8.2002
கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாறன் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போகிறார்களாம். "வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. நீ வாயேன், செல்வி" என்றான், காலேஜ் கேன்டீனில். எதற்கென்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். பழக ஆரம்பித்து ஆறு மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

14.8.2002
என் தோழி வேதாவிடம் மட்டும் சொன்னேன். "இதெல்லாம் இப்ப சகஜம்டி" என்றாள். பிறகு, "போகலன்னா வேற ஆளப் பாத்துப்பான்" என்றாள்.
அப்படியா?

15.8.2002
லீவு. அடி அண்ணாமலையில் எங்கள் டீக்கடையில் காலையிலிருந்து கூட்டம். ஒரு இட்லிகூட எனக்கு இறங்கவில்லை. "வயித்து வலியா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பொய்க்குத் தண்டனையாகக் குடித்தேன்.

17.8.2002
அவனை எனக்குப் பிடிக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. அம்மாவுக்குப் பயமா, ஊருக்குப் பயமா? யாருக்குமே தெரியாது என்று வைத்துக்கொண்டாலும் — வேண்டாம் என்றுதான் வருகிறது. இப்ப வேணாம். அவ்ளோதான். இத அவன்கிட்ட எப்படிச் சொல்றது? விட்டுட்டுப் போயிட்டா?

18.8.2002
சொல்லிவிட்டேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கி, எதிரே பூத்திலிருந்து அவன் வீட்டுக்குப் போன் செய்தேன். "நான் அங்க வரல. நீ ஸ்டாப்புக்கு வா."

வந்தான். புதுச் சட்டை. ஞாயிறு என்பதால் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"எனக்கு இது வேணாம், மாறா. எப்ப வேணும்னும் தெரியல. கோபம்னா போயிடு" என்றேன், ஒரே மூச்சில்.

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காலையிலேருந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன், செல்வி."

"ஏன்?"

"பயம்தான். பசங்க ஏத்திவிட்டானுங்க. இன்னும் கேக்கலியா, நீயெல்லாம் ஒரு ஆம்பளயான்னு. நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா தேவலன்னு இருந்துச்சு."

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீதான் தலையாட்டினியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். அவன் என்ன நினைப்பானோ என்று நானும், நான் என்ன நினைப்பேனோ என்று அவனும் இத்தனை நாள் பயந்து செத்திருக்கிறோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் கரும்புச்சாறு குடித்தோம். திரும்பும் பஸ்ஸில் அப்படியே தூங்கிவிட்டேன். கண்டக்டர்தான் எழுப்பினார்.

19.8.2002
"போனியா?" என்றாள் வேதா. இல்லை என்றேன். கையிலிருந்த நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "நான் போனேன்டி, போன வருஷம். எனக்கும் இஷ்டமில்ல. வேணாம்னு சொல்லத் தெரியல" என்றாள். யாரோடு என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் கிளாசுக்குப் போகாமல் அவளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அழுதாள். சாயங்காலம், "இப்பதான் மூச்சு விட முடியுது" என்றாள்.

3.3.2003
மாறனும் நானும் பிரிந்துவிட்டோம். சண்டை எதுவும் இல்லை. பேச்சு தானாகக் குறைந்துபோனது. இன்று அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான். அழுகை வந்தது. ஆனால் அந்தப் பழைய நெஞ்சடைப்பு இல்லை.

7.6.2004
பி.எட். விண்ணப்பம் வாங்க அம்மாவோடு வேலூருக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் மாறன். ஓசூரில் வேலையாம். கொஞ்சம் பெருத்திருக்கிறான். நலம் விசாரித்துவிட்டு, தண்ணீர் பாக்கெட் வாங்கப் போனான்.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

"எங்கூடப் படிச்சவன், மாறன். அப்ப எனக்கு அவன ரொம்பப் புடிக்கும்."

எப்படி வந்ததோ அந்த வார்த்தை, தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அவன் போன திசையையும் பார்த்தாள்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்லம்மா."

வேலூர் பஸ் உள்ளே நுழைந்தது. ஒரே நெரிசல். அம்மா எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்:

"தம்பி, மாறா, நீதான் உயரமா இருக்க. இந்தப் பைய ஜன்னல் வழியா போட்டு ரெண்டு சீட் புடிச்சுக் குடு."