ஒரே பஸ்ஸில் ஏறாத இரண்டு ரோல்கள்

மைனி,

குளத்தூர் ரோட்டிலுள்ள உங்கள் வீட்டுக்கு நேற்று போயிருந்தேன். அண்ணனிடம் கேட்டு, உங்கள் கட்டிலுக்கடியில் கிடந்த பிஸ்கட் டின்னை வெளியே இழுத்தேன். மூடி இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததும் பழைய ஃபிலிமின் அந்தப் புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெகட்டிவ் உறைகளுக்கு இடையிடையே, மாத்திரை பாட்டில்களில் ஈரம் பிடிக்காமலிருக்கப் போடும் குட்டிப் பொட்டலங்கள். பாறசாலையில் நீங்கள் அதைக் கேட்டு வாங்காத மருந்துக்கடை ஒன்று உண்டா? "அதுக்க பாட்டிலும் வேணுமா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டதற்கு, "பாட்டிலை நீங்க வச்சுக்கிடுங்க" என்று பெரிய தாராளமாகச் சொன்னீர்களே.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. இதுவரை அந்த டின்னைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஜெசிந்தா வந்து நின்றதால்தான் தொட்டேன். கடப்புறத்து ஜெசிந்தா! நினைவிருக்கிறதா என்று உங்களிடம் கேட்டால் அடிக்கத்தான் வருவீர்கள். நம் இரண்டு பேருக்கும் மறக்கிற பெயரா அது?

அவளுடைய அப்பன் போன மாதம் காலமாகிவிட்டார். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு அவருடைய படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்று வந்தாள். கையில் அவளுடைய அந்தக் கல்யாண ஆல்பம். படம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டி, பிரித்த இடத்தில் அப்பனின் பாதி முகம் உரிந்து போயிருந்தது. "அப்பன் சிரிச்ச படம் வேற இல்லக்கா. நெகட்டிவ் உண்டா?" என்று கேட்டாள். ஸ்டூடியோ அலமாரியில் நான் வைத்திருந்த பழைய நெகட்டிவ் எல்லாம் மழையீரத்தில் ஒட்டிப் பாழாய்ப் போயிருந்தன. ஆனால் அந்தப் படம் என் ரோலில் இல்லை, உங்கள் ரோலில் உண்டு. "நாளைக்கு வா" என்று சொல்ல வாயெடுத்தவள், யாரையும் அலைய வைக்காத உங்களை நினைத்துக்கொண்டு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வா" என்றேன்.

அண்ணன் மஸ்கட்டுக்குப் போனபோது தன் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் போவதாகத்தான் இருந்தான். "ரெண்டு பெண்ணுங்க கேமராவைத் தூக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனா நாலு பேரு என்ன சொல்லுவினும்?" என்றான். நீங்கள் அடுப்படியிலிருந்து எழும்பாமலே, "அந்த நாலு பேருக்கும் போட்டோ எடுத்துக் குடுப்போம்" என்றீர்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

கேமரா எனக்கு உங்களுக்கு முன்பே பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அண்ணனின் கேமராவை நோண்டியே வளர்ந்தவள் நான். நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபிறகுதான் அதைக் கையில் பிடித்தீர்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு எல்லாம் படபடவென்று முடிய வேண்டும். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களை, "ரோல் முடியட்டும், வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பப் பார்ப்பேன். நீங்கள் இருட்டறைக்குள் போய்ப் பாதி ரோலை வெட்டிக் கழுவி அன்றைக்கே படத்தைக் கொடுத்துவிடுவீர்கள். "அந்தாளு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கான் பிள்ளே. நம்ம ரோலு முடியலேன்னா அதுக்கு அவன் என்ன செய்வான்?" என்பீர்கள். அந்த ஆள் அடுத்த தடவை தம்பி, மச்சான், மச்சானின் கூட்டாளி என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு வருவான்.

கல்யாண வேலைக்கு நீங்கள் வைத்த சட்டம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். எப்போதும் இரண்டு கேமரா. தாலி கட்டும்போது இரண்டும் இரண்டு பக்கம் நிற்க வேண்டும். திருவனந்தபுரத்துக் கலர் லேப்புக்கு முதலில் என் ரோல். அது கழுவி நல்லபடியாகத் திரும்பி வந்தபிறகுதான் உங்கள் ரோல் பஸ் ஏறும். இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது. வேலை முடிந்தால் என் நெகட்டிவ் ஸ்டூடியோ அலமாரியில், உங்களுடையது வீட்டு டின்னில். "பஸ்ஸு கவிழ்ந்தா நாமளே இருக்கமாட்டோம், ரோலுக்கு என்ன கவலை?" என்று கேலி செய்வேன். "நாம போனாலும் அவங்களுக்க கல்யாணம் போவாண்டாம்" என்பீர்கள்.

ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்கு நாம் முன்பே சம்மதித்திருந்தோம். அதே நாளில் கடப்புறத்திலிருந்து ஜெசிந்தாவின் கல்யாணமும் வந்தது. ஒன்றை விட்டுவிடலாம் என்றீர்கள். எனக்குப் பொறுக்குமா? "ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு கல்யாணம்" என்று மூன்று நாள் உங்கள் காதைப் பிய்த்தேன். மூன்றாம் நாள், "செரி, போ. ரோலைப் பாத்து மாட்டு" என்றீர்கள். எனக்கா சொல்கிறீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜெசிந்தா கல்யாணத்துக்குப் போனது நான். அன்று வேதக்கோயிலில் நான் எடுத்ததெல்லாம் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தாலி கட்டியது, மோதிரம் மாற்றியது. வெளியே வரும்போது, கோயில் வாசலில், அந்த முரட்டு அப்பன் மகளின் தோளில் முகம் வைத்து அழுதது. அவர் அழுது அதுவரை ஊரில் ஒருவரும் கண்டதில்லையாம். அதை மட்டும் நாலு தடவை எடுத்தேன். முப்பத்தாறு படத்தோடு முடிய வேண்டிய ரோல் முப்பத்தெட்டு வரைக்கும் போனது. ஆஹா, என் கைராசி என்று பூரித்துப் போனேன்! ஃபிலிமைத் திரும்பச் சுற்றி எடுக்கும்போது இரண்டே சுற்றில் லேசாக வந்துவிட்டது. அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அடுத்த ரோலைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

லேப்பிலிருந்து வந்தபோது பந்தி எடுத்த ரோல் நன்றாக இருந்தது. கோயில் ரோலில் ஒன்றுமில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒன்றும் பதியாத வெறும் ஆரஞ்சு ஃபிலிம். ஃபிலிமின் நுனி கேமராவுக்குள்ளிருக்கும் சக்கரப் பல்லில் மாட்டவேயில்லை. கேமரா எண்ணிக்கொண்டிருந்தது, ஃபிலிம் ஓடவில்லை. ஃபிலிம் ஓடினால் இடதுபக்கத்துக் குமிழ் கூடவே சுற்றும். அதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, "லேப்பில கெடுத்துட்டாங்கன்னு சொல்லிருவோம் மைனி. எல்லா ஸ்டூடியோக்காரனும் அதைத்தானே சொல்லுகான்" என்றேன். நீங்கள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "அவங்க இங்க வந்து கேக்கதுக்கு முன்ன நாம அங்க போவணும். எந்திரி" என்றீர்கள்.

ஜெசிந்தா வீட்டு முற்றத்தில் சுள்ளென்ற வெயிலில் நாம் நின்றது எனக்கு மறக்காது. மாப்பிள்ளை இன்னும் பத்து நாளில் வளைகுடாவுக்குத் திரும்பப் போகிறவர். ஜெசிந்தா ஆல்பம் வந்துவிட்டதென்று கை துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் வாய் சும்மா இருந்ததா? "லேப்பில..." என்று தொடங்கிவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "லேப்பில ஒண்ணும் இல்ல மோளே. கேமராவுல ரோல் ஓடேல்ல. கோயில் படம் ஒண்ணும் இல்ல. நம்மளுக்க தப்பாக்கும்" என்றீர்கள். "இவளுக்க தப்பு" என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான்.

அவள் கத்தியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். மெதுவாக, "அப்போ, அப்பன் அழுததும் இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே வலை பின்னிக்கொண்டிருந்த அப்பன் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "என்னை ரெண்டு அறை அறையுங்க மைனி" என்றேன். "நானும் செரின்னுதானே சொன்னேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் மறுநாள் இரண்டு கல்யாணம் ஒரே நாளில் கேட்டு வந்தார். அவரை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்களை மறுபடி கல்யாண உடுப்பில் நிறுத்திப் படம் எடுப்பதாக ஏற்பாடு செய்தீர்கள். கோயிலுக்குப் பொறுப்பான பங்கு அச்சன் முதலில் மறுத்தார். "கட்டின தாலியை விளையாட்டுக்குக்கூட இன்னொரு வட்டம் கட்டக்கூடாது. முற்றத்தில நின்னு எடுத்துக்கிடுங்க" என்றார். எல்லாரும் வந்தார்கள், அப்பனைத் தவிர. "கடலுக்குப் போவலியாம். ஆனா வரமாட்டாராம்" என்று ஜெசிந்தா சொன்னாள். சொல்லும்போது அவள் கண் வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு ஆளோடு ஒரு படம். நீங்கள் ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு, மற்றதை என் கையில் தந்தீர்கள். எல்லார் முன்னாலும் என்னையே ரோலை மாட்டச் சொன்னீர்கள். நுனியைப் பல்லில் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். அழுக்குக் கைலி, பொத்தான் போடாத சட்டை. நேரே என்னிடம் வந்து நின்று, "இப்ப ஓடுதா மோளே?" என்று கேட்டார். நான் லிவரைத் தள்ளி, குமிழ் சுற்றுவதைக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தார். இன்னொரு தடவை தள்ளச் சொன்னார். பிறகு, "எனக்க வள்ளத்து மோட்டாரும் இப்பிடித்தான். சத்தம் உண்டு, ஓட்டம் கெடையாது!" என்று சொல்லி, இருக்கிற நாலு பல்லும் தெரியச் சிரித்தார். ஜெசிந்தா அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, நான் படம் எடுக்கவில்லை. எங்கோ பக்கத்தில் உங்கள் கேமரா சத்தம் மட்டும் கேட்டது.

ஆல்பத்தில் அது அப்பனும் மகளும் சிரிக்கிற படம். இத்தனை வருஷமும் அது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்த உறையை எடுத்து நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்பன் இருந்தார், மகள் இருந்தாள், இடது ஓரத்தில் இன்னொரு ஆளும் நின்றது. கேமராவை நெஞ்சோடு பிடித்து, குமிழில் விரலை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு அழுகிற ஒருத்தி. உறையின் மேல் உங்கள் கையெழுத்து: "அச்சடிக்கும்போது இடது ஓரத்தை விட்டுவிடவும். நெகட்டிவை வெட்ட வேண்டாம்."

அந்த வீட்டார் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து அந்தத் தப்பை நினைக்கக்கூடாது என்று என்னை வெட்டியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அண்ணன் பார்க்கிறானே என்ற வெட்கமில்லாமல் அழுதேன் மைனி. நீங்கள் இருந்தபோது இதற்கு ஒரு நன்றி சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்று பதினோரு மணிக்கு ஜெசிந்தா வந்தாள். கம்ப்யூட்டரில் முழுப்படமும் விரிந்ததும், திரையில் விரலை வைத்து, "இது ஆரு, நீங்களாக்கா?" என்றாள். "ஓரத்தை வெட்டித்தான் போடுவேன்" என்றேன். "வெட்டாண்டாம். பூசைக்கு வேணும்னா அப்பனை மட்டும் போடுங்க. வீட்டில மாட்ட எனக்கு இது முழுசாட்டு வேணும். அப்பன் சிரிச்சது உங்களைப் பாத்தாக்கும்" என்றாள். அப்படியே போட்டுக் கொடுத்தேன். அந்தக் கடப்புறத்து வீட்டில் அப்பன் பக்கத்தில் இனி நானும் தொங்குவேன்.

இப்போதைய கேமராவில் குமிழும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் கல்யாண வீட்டில் முதல் படம் எடுக்கும்முன் என் இடது கை அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிடுகிறது. எடுத்ததையெல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வீட்டில் வைக்கிறேன். கேலி செய்ய ஒரு நாத்தி எனக்கு இல்லை.

மத்தியானம் ஜெசிந்தா படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நான் நெகட்டிவை டின்னில் வைத்து மூடி, உங்கள் கட்டிலுக்கடியில் திரும்ப வைக்கப் புறப்பட்டேன். பஸ் வந்தது. "ஒரே வழிதானே, வாங்கக்கா, ஒண்ணா போவோம்" என்று படியில் நின்று கூப்பிட்டாள்.

டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீ முன்ன போ மக்கா. நான் அடுத்த பஸ்ஸில வாறேன்" என்றேன்.