கடைசிக் கண்ணி இல்லாத பாட்டுப் புத்தகம்

பெப்ரவரி 9, திங்கள்

மூன்று நாள் மழை விட்டு இன்று வெயில். பண்டாரவளை ஸ்டேஷன் வண்டி பதினோரு மணிக்குப் பதுளை வந்தது. முத்திருளன் பாட்டுப் புத்தகம் ஐந்நூறும் கண்டி அச்சுக்கூடத்தில் இருந்து வந்து சேர்ந்தன. எட்டுப் பக்கம். கடைசிக் கண்ணியை வெட்டிவிட்டார்கள். முத்திருளன் பேர் அந்தக் கண்ணியில்தான் இருந்தது.

அச்சுக்காரனைக் குறை சொல்ல முடியாது. எட்டுப் பக்கத்துக்கு மேல் ஒரு வரி போனாலும் காகிதம் கூடும், இடம் தீர்ந்தால் அங்கேயே நிறுத்து என்று நான்தான் எழுதினேன். எந்த வரி மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அவன் பாடப் பாட நானே எழுதி எடுத்த பாட்டு. கடை வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு நாள் பாடினான். மேல் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் உருட்டு மிசினுக்கு ஆளாக இருந்தவன். போன மழைக்காலத்தில் இடது கையில் நாலு விரல் மிசினோடு போயிற்று, கட்டைவிரல் மட்டும் மிச்சம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தபோது கட்டிய பாட்டு இது.

வாடக் காஞ்ச கொழுந்தப் போட்டேன் – அந்த
வட்ட மிசினு சுத்துதடி
கூடப் பொறந்த விரலு நாலும் – அந்தக்
கொழுந்தோட கொழுந்தா வத்துதடி

நாற்பது கண்ணி. கடைசிக் கண்ணியை எழுதும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "இத மட்டும் நல்லா அழுத்தி எழுதுங்க மொதலாளி. அட்டையில போடுற பேரு வெத்தல மடிக்கப் போயிரும். பாட்டுக்குள்ள இருந்தா வாய்க்கு வாய் போவும்."

அழுத்தித்தான் எழுதினேன்.

அவனுக்கு எழுத்துத் தெரியாது. விற்கலாம்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். சாம்பிராணி, சூடம், பூக்காகிதம் கொழும்புக்கு எழுதியாயிற்று. இந்த மாசக் கடைசியில் தோட்டங்களில் காமன் பண்டிகைக்குக் கம்பம் நடுவார்கள். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சாமான் விற்பதோடு சரி.

இரவு சாப்பிடும்போது புத்தக விஷயம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் பெண்ஜாதி பாத்துமா சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள், "நம்ம கடை பலகையில உங்க பேர ஒருத்தன் சொரண்டிப் போட்டா சும்மா இருப்பீங்களா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

மீன் குழம்பில் உப்புக் கூட என்று சொல்லி எழுந்துவிட்டேன். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

மேல் தோட்டத்துக்குக் கீழே சம்பளச் சந்தை. பனி. துணி சுமார். சீப்பு, கண்ணாடி, வளையல் பரவாயில்லை. புத்தகம் பறந்தது. தலைச்சுமையாகத் துணி விற்ற காலத்திலேயே எனக்கு இது தெரியும், சேலை வாங்காதவனும் பாட்டு வாங்குவான். எழுத்துத் தெரியாதவனும் வாங்குவான், தெரிந்தவனைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்வான்.

ஒருத்தன் ராகம் போட்டுப் படித்தான். விரல் வத்தின இடத்தில் கொழுந்துக்காரிகள் நாலு பேர் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அப்புறம் கேட்ட பேச்சு:

"யாரு கட்டுனதுடி?"

"பேரக் காணோமே. மெட்ராஸ்ல எவனாச்சும் கட்டிருப்பான்."

"மெட்ராஸ்காரனுக்கு உருட்டு மிசினு தெரியுமா? போடி கூறுகெட்டவளே."

நான் புளிக்குத் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். முத்திருளன் லயத்து வரிசை வீட்டை விட்டு இறங்கவில்லை. இருமல் கூடிவிட்டதாம். நல்லதாயிற்று என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

பண்டாரவளை. கிழங்கு மூட்டை பார்க்கப் போனேன். சந்தை முனையில் கூட்டம். பூனாகலைப் பக்கத்து லாவணிக்காரன் ரெங்கன் டேப்புப் பறை அடித்து முத்திருளன் (இனி மு.) பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். என்ன குரல். ஒரு கம்பி இழுத்த மாதிரி. என் புத்தகம் முடிகிற இடத்தில் அவன் முடிக்கவில்லை. "ரெங்கன் பாடும் சிந்து" என்று சொந்தமாக ஒரு கண்ணி போட்டு முடித்தான். கூட்டம் கைதட்டியது.

அவனை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன், "உன் பாட்டா இது?"

"பேரில்லாத பாட்டு மொதலாளி. தெருவுல கெடந்த புள்ளைய எடுத்துப் பேரு வச்சேன். தப்பா?"

தெருவில் போட்டவன் நான்.

கிழங்கு அழுகல். வாங்கவில்லை.

பெப்ரவரி 24, செவ்வாய்

தூறல். காலையிலேயே மு.வின் பெண்ஜாதி காத்தாயி கடைக்கு வந்தாள். மலையில் இருந்து ஏழு மைல் நடை. இன்று காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவில்லை, பேர் விழாது, கூலி இல்லை. மழைக்குத் தலையில் போட்ட கொங்காணிச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. சாமான் வாங்க வந்த இரண்டு பேர் முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"தையக்கார அருளப்பன் பொஸ்தகத்தப் படிச்சான். இவரு கண்ண மூடிக்கிட்டுத் தலையாட்டிக் கேட்டாரு. அவன் நிறுத்தினான். முடிஞ்சிருச்சாப்பான்னாரு. முடிஞ்சிருச்சுண்ணேன்னான். இன்னொருக்கா பாருன்னாரு. அவன் தாளத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். ஒட்டிக்கிட்டு இருக்கும், எச்சி தொட்டுப் பாருன்னாரு. மொதலாளி, அந்த ஆளு எச்சி தொட்டுப் பாருன்னு சொன்னாரு."

அச்சுக்காரன் பிசகு என்றேன்.

"அச்சுக்காரனா எங்ககிட்ட பாட்டு வாங்கினான்?"

இரண்டு பேரும் சாமான் வாங்காமலே போய்விட்டார்கள்.

அப்புறம் உள்ளதைச் சொன்னேன். நான் எழுதின கடுதாசியால்தான் என்று. அவள் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. ரெங்கன் பேரில் பாட்டு சந்தை சந்தையாகப் போகிறதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி பேரோடு அச்சடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஊரு வாயில ஏறினத அச்சடிச்சா எறக்குவீங்க?" போகும்போது திரும்பி, "விரலு போனப்பக்கூட அவரு அழுவல" என்றாள்.

கஷாயச் சாமான் கொடுத்தேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெப்ரவரி 26, வியாழன்

மழை. கடை வெறிச். மேல் தோட்டத்துக்கு நானே ஏறினேன், இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பு.

மு. லயத்து வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான். கன்னம் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் சாம்பல் போட்ட சிரட்டை, துப்புவதற்கு. சாம்பல் சிவப்பு. இடது மணிக்கட்டில் டேப்பை முண்டாசுத் துணியால் இறுக்கிக் கட்டி, வலது கையால் தட்டிக்கொண்டிருந்தான். துணி நழுவுகிறது, பல்லால் இழுத்துக் கட்டுகிறான், மறுபடி தட்டுகிறான்.

"வாங்க மொதலாளி. உக்காருங்க. ஈரம்."

ஏசுவான் என்று போனேன். ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காமன் கம்பத்தடியில் ரெங்கனை நேருக்கு நேர் நிறுத்தப்போகிறானாம். தோட்டத்துப் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாட்டு யாருடையது என்று தகராறு வந்தால் இரண்டு பேரும் கம்பத்தின் முன் நின்று தலையில் இருந்து கடைசிவரை நிறுத்தாமல் பாடவேண்டும். நடுவில் நின்றவனுக்குப் பாட்டுச் சொந்தம் இல்லை.

"நாற்பது கண்ணி. உன் நெஞ்சு தாங்குமா?"

"கட்டுனவன் நான். மறந்துருவனா?"

"மறப்பதைச் சொல்லவில்லை."

"தெரியும்" என்றான். தெரிந்துதான் போகிறான்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

கம்பம் நட்டு இரண்டாம் நாள். நடுவர் பழைய கங்காணிகள் மூன்று பேர். சாயந்தரம் நாலு மணிக்கு ஆரம்பம். சுற்றிலும் ஐந்நூறு சனம் இருக்கும். ரெங்கன் முதலில். புத்தகத்தில் இருந்த முப்பத்தொன்பதும் அவன் கண்ணி ஒன்றும், தண்ணீர் ஓடுகிற மாதிரி பாடி முடித்தான்.

மு. எழுந்தான். டேப்பைக் காத்தாயி கட்டிவிட்டாள். முதல் கண்ணி எடுத்தபோது சனம் அசையவில்லை. குரல் உடைந்த குரல்தான். ஆனாலும் ரெங்கன் பாடியது கதை, இது நடந்தது. அந்த வித்தியாசம் எனக்கே விளங்கிற்று என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பதினொன்றாவது கண்ணி. பன்னிரண்டு. பதின்மூன்றில் இருமல் பிடித்தது. கை மட்டும் நிற்கவில்லை, தாளம் ஓடிக்கொண்டே இருந்தது, அடுத்த அடிக்கு வாயைத் திறக்கிறான், இருமல்தான் வருகிறது. பிறகு இரத்தம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் நடுவில் போய்ச் சொன்னேன். "பாட்டு இவனுடையது. இவன் பாட நான் என் கையால் எழுதினேன். பேர் இருந்தது."

மூத்த கங்காணி என் புத்தகத்தையே எடுத்து நீட்டினார். "இதுல இருக்கா மொதலாளி?"

"இல்லை."

"நீங்க அடிச்ச பொஸ்தகத்துல நீங்க போடாத பேர இப்ப வந்து வாயால சொல்றீங்க. நாங்க எத நம்ப?"

சிரித்தார்கள். என் சரக்கே எனக்கு எதிர்ச்சாட்சி. பாட்டு ரெங்கனுக்கு என்று தீர்ப்பு.

ரெங்கன் சிரிக்கவில்லை. அதையும் எழுதவேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

மேகமூட்டம். மிச்சம் இருந்த புத்தகங்களை அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன். பாத்துமா அவற்றை வைத்தே உலை மூட்டினாள்.

மதியம் அருளப்பன் வந்தான். கையில் கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதிய புதுப் பாட்டு. மு. படுத்தபடி சொல்ல இவன் எழுதியது. இரண்டே நாளில் இருபத்திரண்டு கண்ணி. கம்பத்தடியில் மூச்சு நின்றதைப் பற்றியேதான் பாட்டு.

பாதி மூச்சு எனக்கு மிச்சம் – அதைப்
பங்கு போட வாறீங்களா
சாதிச்சது முத்திருளன் – அந்தச்
சத்தத்தையும் விப்பீங்களா

"விப்பீங்களா" என்றது என்னைத்தான். அருளப்பன் அந்த அடியைப் படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

படித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கண்ணியிலும் முத்திருளன். முதல் அடியில், மூன்றாம் அடியில், எதுகைக்குள், சந்தத்துக்குள். எடுத்தால் கண்ணி உடையும். எந்த இடத்தில் வெட்டினாலும் பேர் மிஞ்சும்.

"இதுக்கு மேல எவன் வெட்டுவான்னு கேக்கச் சொன்னாரு" என்றான் அருளப்பன்.

நல்ல வேலை. ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், இதைவிட இறுக்கமாகக் கட்டிய மூட்டையை நான் பார்த்ததில்லை.

ஆனால் யார் பாடுவது? மு.வுக்கு இப்போது இரண்டு கண்ணிக்குமேல் மூச்சு இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் வாயே திறக்கக்கூடாது என்கிறாராம். பாடாத பாட்டில் பேர் இருந்து என்ன, இல்லாமல் என்ன?

மார்ச் 5, வியாழன்

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். ரெங்கனை ஆள் விட்டு அழைத்தேன். வந்துவிட்டான், அதுவே ஆச்சரியம். மு.வை வண்டி வைத்துக் கொண்டுவந்தோம். காத்தாயி கூடவே. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பேச்சு.

ரெங்கன் முதலில் சொன்னது: "அண்ணே, அன்னிக்கு நான் ஜெயிச்சேன். ஆனா போற லயத்துலயெல்லாம் பொம்பளைங்க களவாணின்னு கூப்புடுறாளுக. தண்ணி கேட்டாக் குடுக்க மாட்டேங்குறாளுக."

மு.: "கொரலு இருக்குல்ல? நீயா ஒண்ணு கட்டிப் பாடேன்."

"கட்ட வராதுண்ணே. வந்தா உங்க பாட்டுக்கு ஏன் ஆசப்படுறேன்?"

காத்தாயி: "பாரு, உண்மையும் பேச வருது இவனுக்கு."

மு. சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய பாட்டை ரெங்கனைத் திருப்பித் தர வைக்கிறேன் என்று நான் இழுத்தேன். மு. கையை ஆட்டினான். விரல் இல்லாத கை. "போனது போனதுதான் மொதலாளி. இந்தக் கைய வச்சுக்கிட்டு எனக்கு அது தெரியாதா?"

பிறகு அவனே பேசினான், விட்டு விட்டு. பேரம் என்று நான் இதுவரை செய்ததெல்லாம் இதற்குமுன் ஒன்றும் இல்லை. ரெங்கன் ஒரே இடத்தில்தான் முரண்டினான், "பாட்டுப் பூரா ஒங்க பேரு, நான் என்ன ஒங்க கூலிக்காரனா?" என்று.

"ஆமா" என்றாள் காத்தாயி.

ரெங்கன் துண்டை உதறித் தோளில் போட்டான். அப்புறம் சரி என்றான்.

பேசி முடித்தது:

விரல் போன பாட்டு ரெங்கனுக்கே. மு.வோ காத்தாயியோ இனி அதற்கு வழக்குப் பேசுவதில்லை.

புதுப் பாட்டை ரெங்கன் பௌர்ணமிவரை ஏழு நாளும் ஏழு தோட்டத்தில் கம்பத்தடியில் பாடவேண்டும். ஒரு பேரும் மாற்றக்கூடாது, தன் பேரில் கண்ணி சேர்க்கக்கூடாது.

அச்சு என் பொறுப்பு. எத்தனை பக்கம் போனாலும் போகட்டும்.

மு. பக்கத்தில் உட்கார்ந்து டேப்பு அடிப்பான். அவன் தாளத்துக்குத்தான் ரெங்கன் பாடவேண்டும்.

ஒருவரும் ஒருவருக்கும் காசு தருவதில்லை.

மு.வுக்கு இருமல் வந்தால் ரெங்கன் பாட்டை நிறுத்தவேண்டும். அடங்கும்வரை நின்று, பிறகுதான் அடுத்த கண்ணி.